மாம்பழப் பெட்டி அட்டையும் மகளின் டச்சுப் படமும்

1

எங்கள் படவட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மொன்றியலில் நாங்கள் இருக்கிற லாசாலில் ஒரு மண்டபத்தை எடுத்து வெவ்வேறு நாட்டுப் படங்களைப் போட்டுப் பார்க்கிறோம். எங்கள் சனம் குடும்பமாய்த்தான் வரும். பேரப்பிள்ளை, மருமகள், கோயிலில் இருந்து நேரே வந்த சம்பந்தி, எல்லாரும். படத்தில் யாராவது சட்டைப் பொத்தானில் கை வைத்தால் போதும், புரொஜெக்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற பரம் அண்ணை ஒரு அட்டையைத் தூக்கி லென்சுக்கு முன்னால் பிடிப்பார். திரை இருண்டுவிடும். சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காரியம் முடிந்தது என்று அவருக்குத் தோன்றினால்தான் அட்டை இறங்கும்.

அந்த அட்டை நான் கொடுத்தது. ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்கிற மரக்கறிக் கடைக்கு வந்த மாம்பழப் பெட்டியின் ஒரு பக்கம். பரம் அண்ணை அதை அளவாய் வெட்டி, இரண்டு பக்கமும் கறுப்புக் கடதாசி ஒட்டி, பழைய அகப்பைக் காம்பு ஒன்றைக் கைபிடியாய்ப் பூட்டி வைத்திருக்கிறார். ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராய் இருந்த மனிதர். எதையும் அரைகுறையாய்ச் செய்யமாட்டார். வீட்டில் பிரெஞ்சிலேயே சண்டை பிடிக்கிற எங்கள் பேரப்பிள்ளைகள், திரை இருண்டதும் ஒரே குரலில் "அட்டை!" என்று கத்துவார்கள். படவட்டத்தால் அதுகள் சுத்தமாய்ப் படித்த தமிழ்ச் சொல் அது ஒன்றுதான்.

ஊரில் இருக்கிற நீங்கள் மட்டும் என்னவாம்? ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருமுகிற ஆக்கள்தானே. நாங்கள் கொஞ்சம் ஒழுங்குமுறையாய்ச் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் போன மாதம் இந்த அட்டையால் நான் என் மகளை இழக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், என்றால் எங்கட ஆக்களுக்குக் கோட்டைதான் ஞாபகம் வரும். எனக்கு அது நான் பதினைந்து வருசம் சோறு தின்ற நாடு. மொன்றியலுக்கு வரமுதல் நாங்கள் நெதர்லாந்தின் வடக்கில், காற்று ஓயாத ஒரு சின்ன ஊரில் இருந்தோம். கண்ணாடி வீட்டுத் தக்காளித் தோட்டத்தில் எனக்கு வேலை. டச்சு தெரிந்த ஒரே ஆள் என்பதால் படவட்டத்தில் டச்சுப் படம் போடுகிற நாட்களில் முன்னுக்கு நின்று ஐந்து நிமிசம் பேசுவது என் பொறுப்பு. ஐந்து நிமிசம் என்று சொல்லி இருபது நிமிசம் எடுப்பேன். தேத்தண்ணி ஆறிப்போகிறது என்று சனம் புறுபுறுக்கும்.

என்ன பேசுவேன் என்றால், அண்மைக் காலத்து டச்சுப் படங்களின் நல்லதும் கெட்டதும். நல்லதை முதலில் சொல்கிறேன்.

சிறுபிள்ளைகளுக்குப் படம் எடுக்க அவர்களை அடிக்க ஆளில்லை. பிள்ளையைப் பிள்ளை என்று ஏமாற்றமாட்டார்கள். கதையில் தாய்க்கு வருத்தம் என்றால் வருத்தம்தான், கடைசியில் தேவதை வந்து மாத்திவிடாது. பிள்ளை அழுது, சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் போய், திரும்பி வந்து பாண் தின்னும். அங்கே புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். எனக்கும் அன்றைக்குக் காலை வேலை மட்டும். பின்னேரம் நானும் மகள் மயூரியும் நிலத்தில் இருந்து அந்தப் படங்களைப் பார்ப்போம். என் டச்சு முழுக்க அதில் இருந்து வந்தது. அதனால் இன்றைக்கும் நான் பத்து வயசுப் பிள்ளை மாதிரித்தான் டச்சு கதைப்பேன். தோட்டத்து மேற்பார்வையாளன் நான் கோபப்பட்டால் குனிந்து நின்று சிரிப்பான்.

அடுத்தது, அவர்கள் உடம்பைக் கண்டு பயப்படுவதில்லை. இளசு, கிழடு, நோய் தின்ற உடம்பு, எதுவானாலும் கமெரா கண்ணை மூடாது. அது யன்னலுக்குத் திரை போடாத சனம். தெருவால் போகிறவன் அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போகலாம். என் மனைவி சரோ அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமையே தடிச்ச துணி வாங்கி எல்லா யன்னலுக்கும் திரை தைத்துப் போட்டாள். தெருவிலேயே உள்ளே தெரியாத வீடு எங்களுடையது ஒன்றுதான்.

இனிக் குறைக்கு வருவோம். எனக்குக் குறை சொல்லத்தான் வாய் நல்லாய் வரும். கால்வாய்க் கரையில் ஒரு மாளிகை, நாலைந்து வடிவான சோடிகள், ஒருத்தரும் வேலைக்குப் போவதாய்க் காணவில்லை, பண்டிகை வந்ததும் ஆளாள் மாறிக் காதலிப்பார்கள். இது ஒரு வகை. இல்லாவிட்டால் அந்தப் பழைய யுத்தம், திரும்பத் திரும்ப. சின்ன நாடு என்பதால் அதே முகங்கள். போன படத்தில் ஜெர்மன் அதிகாரியாய் வந்தவன் இந்தப் படத்தில் பல் பிடுங்குவான். புருசனும் பெண்சாதியும் பிரிவதைக்கூட சங்கக் கூட்டம் மாதிரி மேசையில் இருந்து ஒவ்வொன்றாய்ப் பேசித் தீர்ப்பார்கள். பார்க்கிற எங்களுக்கு அழுகை தொண்டைக்கு வருகிற நேரம் பார்த்துக் காட்சியை வெட்டிவிட்டு, வயலில் நிற்கிற மாட்டைக் காட்டுவார்கள். பாதிப் படம் தொலைக்காட்சிக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி இருக்கும்.

எங்களைப் போல ஆக்கள் வந்தால் ஒன்று கடைக்காரன், இல்லையென்றால் கடலில் இருந்து ஏறி வந்தவன். படம் முடியுமட்டும் அவனுக்கு ஈரம் காயாது.

3

மயூரி அந்த நாட்டில் பிறந்தவள். அவளுக்குப் பதினாலு வயசில் தாய் போய்விட்டாள். தனிய ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், என் தங்கச்சி சாந்தி கூப்பிட்டபடியால் லாசாலுக்கு வந்தேன். இங்கே பள்ளிக்கூடத்தில் அவளைப் பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளின் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். அவள் அந்த வகுப்பையும் பனியையும் என்னையும் ஒரே கண்ணால்தான் பார்த்தாள். பத்தொன்பதில் திரும்பி ஒல்லாந்துக்குப் போனாள். படம் எடுக்கப் படித்தாள். யார் யாருடைய படத்திலோ வேலை செய்தாள். வருசத்தில் ஒருக்கால் வந்தது போய், பிறகு வராமலே விட்டாள். தொலைபேசியில் டச்சில் கதைப்பாள். நான் பத்து வயசுப் பிள்ளை மாதிரிப் பதில் சொல்லுவேன். மழையோ, சாப்பிட்டியோ, சரி வைக்கிறேன். அவ்வளவுதான் எங்கள் கதை.

போன வருசம் அவள் தன் முதல் படத்தை முடித்தாள். எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன், மாட்டேன் என்றுவிட்டாள். "நேரே வந்து, சனத்தோட இருந்து பாருங்கோ" என்றாள். நான் விட்டேனா? எங்கள் வட்டத்தில் போடு, நீயும் வா என்று நச்சரித்தேன். சரோவின் திவசம் வருகிற கிழமைதான் மண்டபம் கிடைத்தது. அதனாலோ என்னவோ ஓம் என்றாள்.

வடக்கில் ஒரு பண்ணை வீடு, நடுவயசுப் புருசனும் பெண்சாதியும், ஒரு மகள், எல்லாரும் டச்சுக்காரர் என்று கதையைப் பற்றி அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நீயே எங்கட ஆக்களைப் போடாவிட்டால் வேறு எவன் போடப்போகிறான் என்று கேட்டேன். தமிழ் ஆக்களைப் போட்டால் காசு தருகிற குழு உடனே அகதிக் கதை எங்கே என்று கேட்கும், படகு எங்கே, குண்டு எங்கே என்று கேட்கும், எனக்கு எடுக்கவேண்டியது ஒரு வீட்டுக்குள் நடக்கிற கதை என்றாள். நான் இருபது நிமிசம் பேசுகிற குறையை அவள் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தாள்.

பிறகுதான் கேட்டாள்.

"அந்த அட்டை இன்னும் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"படத்திலை ஒரு குளிக்கிற காட்சி இருக்கு. அதுக்கு அட்டை எழும்பினால் நான் மண்டபத்திலையிருந்தே திரும்பிப் போயிடுவன். வீட்டை வரமாட்டன் அப்பா. இனி ஒருநாளும் வரமாட்டன்."

முன்னுக்குச் சொன்னதெல்லாம் டச்சில். கடைசி இரண்டு வசனமும் தமிழில். எனக்கு அதுதான் பயமாய் இருந்தது. அவள் தமிழுக்கு வந்தால் பகிடி விடுகிறாள் இல்லை என்று அர்த்தம். எழும்பாது பிள்ளை, நான் பொறுப்பு என்றேன்.

அதற்கு அடுத்த நாள் பரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். வடையைத் தொடவில்லை. படத்தைத் தான் முதலில் பார்க்கவேண்டும் என்றார். மகள் அனுப்பமாட்டாள் என்றேன். அப்படியென்றால் அட்டை நிச்சயம், உன் மகள் என்பதற்காகச் சட்டத்தை மாத்தினால் சனம் காறித் துப்பும் என்றார். அவர் சொல்வதும் பிழையில்லை. போதாக்குறைக்கு மண்டபம் பதியப் போன இடத்தில், படம் எந்த வயசுக்கு என்று அங்கிருந்த மனுசி பிரெஞ்சில் கேட்க, பதற்றத்தில் எனக்கு வாயில் டச்சு வந்துவிட்டது. மனுசி என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் உகந்தது என்று பதிந்து, வாசலிலும் அப்படியே ஒட்டிவிட்டாள். பிறகு என்ன, குஞ்சு குருமான் எல்லாம் வரப்போகுது. அட்டை நிச்சயம்தான் அண்ணை என்று அவருக்கும் தலையாட்டினேன்.

இரண்டு பக்கமும் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிறது எங்கள் பரம்பரைக் குணம். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். டச்சு தெரிந்தவன் நான்தானே, காட்சி வரப்போவது எனக்குத்தான் முதலில் விளங்கும், அட்டையை என்னிடம் தாருங்கோ என்று பரம் அண்ணையிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மயூரிக்குப் போன் அடித்து, அட்டை என் கையில்தான் இருக்கும், அது அசையாது என்றேன். எனக்கே என்னை மெச்சவேண்டும் போல இருந்தது.

4

இந்த இடத்தில் சரோவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மண்டபத்தில் நடந்தது உங்களுக்கு விளங்காது.

சரோவுக்கு மார்பில் புற்றுநோய். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு கையைத் தூக்க முடியாது. குளிக்க வார்க்க ஒரு டச்சுத் தாதி வீட்டுக்கு வந்தாள். நல்ல மனுசி. ஆனால் சரோ இரண்டாம் நாளே அவளை வேண்டாம் என்றுவிட்டாள். "நீங்களே வாருங்கோ. வேறை ஒருத்தரும் என்னைப் பாக்கக்கூடாது. பிள்ளையும் பாக்கக்கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். சாந்திக்கும் மற்றச் சொந்தக்காரருக்கும் தாதி வருகிறாள் என்றே சொல்லச் சொன்னாள். அப்படியே சொன்னேன்.

ஷவர்த் தண்ணீர் தழும்பில் ஊசி மாதிரிக் குத்துது என்றாள். ஆகவே ஒரு வாளியும் எனாமல் கோப்பையும் எடுத்து வந்தேன். தோட்டத்துப் பிளாஸ்டிக் கதிரையைக் குளியலறைக்குள் வைத்து அதில் இருத்தி, ஊரில் கிணற்றடியில் வார்க்கிற மாதிரி அள்ளி அள்ளி வார்த்தேன். ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னால், "கண்ணை மூடும், வாக்கிறன்" என்பேன். அவளுக்குத் தலையில் தண்ணீர் விழுமுன் தெரியவேண்டும், இல்லாவிட்டால் திடுக்கிடுவாள்.

அந்தக் குளியலறைக் கதவு ஈரத்தில் ஊதி, முழுக்கச் சாத்துப்படாது. ஒரு விரல் இடைவெளி எப்போதும் கிடக்கும். சத்தியம் பண்ணினவன் நான், சீவுளி வாங்கிக் கதவைச் சீவிவிடுகிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன். அவள் ஒவ்வொரு முறையும் "பேந்து பாப்பம்" என்பாள். இந்த மனுசி யன்னலுக்கெல்லாம் திரை தைத்தவள், இதை மட்டும் ஏன் விடுகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வாளியும் வேலையும் சரியாய் இருந்தது. கடைசிவரை கதவு அப்படியே கிடந்தது.

5

மயூரி விமான நிலையத்தில் இருந்து நேரே மண்டபத்துக்கு வந்தாள். நான் கூப்பிட வருகிறேன் என்றதை வேண்டாம் என்றுவிட்டாள். சூட்கேசைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரோடு நிறுத்தி வைத்தாள், எந்தப் பக்கமும் போகத் தயாராய். தலைமயிரில் ஒன்றிரண்டு நரை. என் பிள்ளைக்கு நரை. கன்னத்தில் கொஞ்ச மாட்டாளோ என்று கிட்டப் போனேன். கொஞ்சினாள். ஆனால் கண் என் கையில் இருந்த அட்டையில்தான் இருந்தது.

அன்றைக்கு நான் பேசியது ஐந்து நிமிசம்கூட இல்லை. டச்சுப் படத்தில் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு, பாருங்கோ என்று சொல்லிவிட்டு வந்து புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு வலப்பக்கம் பரம் அண்ணை. முன்னுக்கு இரண்டு வரிசை தள்ளிச் சாந்தி. முதல் வரிசையில் மயூரி, எனக்கு முதுகு காட்டி. சின்னப் பிள்ளைகள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அட்டையை மடியில் கவிழ்த்து வைத்து இரண்டு கையாலும் அமத்திக்கொண்டேன்.

படம் தொடங்கியது. புருசன் மாட்டுக்காரன், வாய் திறக்காதவன். பெண்சாதிக்கு என்னவோ வருத்தம். என்ன வருத்தம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பேசித் தள்ளுகிற டச்சுப் படத்தில் இப்படி ஒரு அமைதியா என்று முதலில் எனக்குள் ஒரு பெருமை வந்தது. மகள் பள்ளிக்கூடத்தால் வருகிறாள், சைக்கிளைச் சுவரில் சாத்துகிறாள். குளிக்கிற காட்சி என்றால் இந்தப் பெட்டைக்கும் எவனோ ஒருவனுக்கும் இடையில் வரும் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் அட்டையின் காம்பைத் தடவினேன். பரம் அண்ணை கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

பிறகு அந்த மாட்டுக்காரன் முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்ததாய்ப் பால் கறக்கிற வாளியை எடுத்துக் கழுவினான். அலுமாரியில் இருந்து எனாமல் கோப்பை ஒன்றை எடுத்து அந்த வாளிக்குள் போட்டான். கோப்பை வாளியில் விழுந்த சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

மண்டபத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எழும்பியது. பாரடா, வெள்ளைக்காரன் எங்களைப் போல வாளியில் அள்ளிக் குளிக்கப்போறான் என்று யாரோ சொன்னார்கள். ஒல்லாந்தில் எவன் கோப்பையால் அள்ளி வார்ப்பான்? அந்த நாட்டில் இந்தப் படத்தைப் பார்த்த ஒருத்தருக்கும் அது உறைத்திருக்காது. எங்கள் சனத்துக்கு உடனே உறைத்தது. சாந்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

திரையில் குளியலறை. அந்தப் பெண் கதிரையில் இருக்கிறாள். புருசன் அவளுடைய சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாய்க் கழற்றுகிறான். முதல் பொத்தான், இரண்டாவது பொத்தான். எனக்குச் சரோவின் குரல் மட்டும்தான் கேட்டது. ஒருத்தரும் என்னைப் பாக்கக்கூடாது. மண்டபம் நிறையச் சனம், சாந்தி, பரம் அண்ணை, இத்தனை குஞ்சு குருமான். சட்டை தோளால் வழுகத் தொடங்கியது. பரம் அண்ணை அசையவே இல்லை. அட்டையைத் தூக்கியது நான்தான்.

திரை இருண்டது. ஒரு பிள்ளை சந்தோசத்தில் "அட்டை!" என்று கத்தியது. முதல் வரிசையில் மயூரி எழும்பித் திரும்பினாள். வெளிச்சம் எல்லாம் அட்டையில் அடித்து என் முகத்துக்குத் தெறித்தது. அட்டையைப் பிடித்திருப்பது யார் என்று அவளுக்கு வடிவாய்த் தெரிந்திருக்கும்.

போச்சு, என் பிள்ளை போச்சு என்று விளங்கியது. ஆனாலும் கை இறங்கமாட்டேன் என்றது. அது என் பெண்சாதி. நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாளி விளிம்பில் கோப்பை உரசியது. தண்ணீர் அள்ளுப்பட்டது. பிறகு அந்த மாட்டுக்காரனின் குரல், டச்சில், மெல்ல, "கண்ணை மூடும், வாக்கிறன்."

அந்த வசனத்தை உலகத்தில் கேட்டது சரோ ஒருத்தி. சொன்னது நான். வேறு ஒருத்தருக்கும் தெரிய வழியில்லை, கதவடியில் நின்று கேட்டிருந்தால் ஒழிய. பதினாலு வயசில் என் பிள்ளை தனிய அங்கே நின்றிருக்கிறாள். நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிடி, பிடி, இன்னும் முடியேல்லை" என்றார் பரம் அண்ணை காதுக்குள். நான் அட்டையை இறக்கினேன். அவர் எட்டிப் பறிக்கப் பார்த்தார். நிலத்தில் போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன்.

திரையில் அந்த மனிசனின் முதுகு. படத்தின் இரண்டு கரையிலும் கறுப்பாய் ஏதோ. அது கதவும் நிலையும் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கமெரா வெளியே நிற்கிறது, கதவு இடைவெளிக்குள்ளால் பார்க்கிறது. அவனுடைய தோளுக்கு மேலால் அவளுடைய நனைந்த முகமும், தழும்பும் தெரிகின்றன. கண்ணை மூடச் சொல்லியும் அவள் மூடவில்லை. நேரே கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே நிற்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறைக்கவில்லை, போ என்று கலைக்கவில்லை. புருசனுக்குச் சொல்லவும் இல்லை. பார்த்து முடித்தபிறகுதான் கண்ணை மூடினாள். தண்ணீர் விழுந்தது.

ஒரு பிள்ளைகூடச் சத்தம் போடவில்லை. எனக்கு முன்னால் ஒரு தாய் மகனின் கண்ணைப் பொத்தப் போன கையை அவன் தலையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மயூரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பிறகு கதிரையில் இருந்தாள். அந்த இடத்தில் வெட்டி மாட்டைக் காட்டவில்லை. கடைசிக் கோப்பை வரைக்கும் விட்டிருந்தாள். நான் அழுதேன், மறைக்காமல் அழுதேன்.

6

வெளிச்சம் போட்டதும் சாந்தி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நேர்ஸ் வாறா எண்டெல்லோ சொன்னீங்கள் அண்ணை" என்றாள். பரம் அண்ணை குனிந்து என் காலடியில் இருந்த அட்டையை எடுத்துத் தட்டித் தன் பைக்குள் வைத்தார். மயூரியிடம் போய், படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சாப்பிட்டியோ பிள்ளை என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

நான் கதவடிக்குப் போனேன். அவள் சூட்கேசின் கைபிடியை இழுத்து நீட்டிவிட்டாள்.

"அட்டையைத் தூக்கிப் பிடிச்சுப்போட்டன் பிள்ளை" என்றேன்.

"கண்டனான்."

அவள் வெளியே நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் ஊத்தைப் பனி பாதி உருகிக் கிடந்தது. சூட்கேஸ் சில்லு அதற்குள் இறுகியது. அவள் தெருப் பக்கம் பார்த்தாள். பஸ் தரிப்பு அந்தப் பக்கம்தான். நான் குனிந்து சில்லில் ஒட்டின பனியைத் தட்டினேன்.

"கார் எங்கை நிக்குது?" என்று கேட்டாள்.

சூட்கேசை நான் தூக்கினேன். காரில் ஏறி வீட்டுப் பக்கம் திருப்பினேன். ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது மனம் கேட்காமல் சொன்னேன், அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினவ, ஒருத்தருக்கும் காட்டக்கூடாது, உனக்கும் காட்டக்கூடாது எண்டு, அதுதான் கை எழும்பிப்போட்டுது என்று.

"தெரியும்" என்றாள். டச்சில் இல்லை. "அதாலைதான் நான் வேறை ஒரு பொம்பிளையை வைச்சு எடுத்தனான். அம்மாவை ஒருத்தரும் பாக்கேல்லை அப்பா."

கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தாள்.

"நான் கதவடியிலை நிண்ட அண்டைக்கு இரவு அம்மா என்னைப் பக்கத்திலை கூப்பிட்டுப் படுக்க வைச்சவ. 'கதவடியிலை நிண்டு அழாதை. நிண்டால் வடிவாய்ப் பார். பேந்து நீ ஒருத்தனைக் கட்டேக்கை அவனை அளந்து பாக்க உனக்கு அளவு தெரியவேணும்' எண்டவ. உங்களுக்குச் சொல்லவேண்டாம், சொன்னால் கதவைச் சீவிப்போடுவார் எண்டு சொன்னவ."

விளக்கு மாறியது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"அப்பா, பச்சை" என்றாள் மயூரி.

வீட்டுக்குப் போனோம்.